ஒரே நிலத்தடி நீர், இரண்டு துப்புரவுகள்: பீஸ் விமானப்படைத் தளத்தின் கதை



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நம் போர்வெல் தண்ணீரின் சோதனை அறிக்கையைச் செயலாளர் வாசித்தார். கடினத்தன்மை கொஞ்சம் கூடுதல், மற்றதெல்லாம் வரம்புக்குள். உடனே பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் இந்தச் செலவு?" சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். அடுத்து லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய விவாதம் காத்திருந்ததால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக இந்த இதழில் ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தில் நடந்தது இது. அங்கே நிலத்தடி நீர் கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், பல ஆண்டுகள் துப்புரவு செய்தார்கள். அதன் பிறகு அதே நீரில் வேறொரு நஞ்சு இருப்பது தெரியவந்தது. அது புதிதாக வந்த நஞ்சும் இல்லை. வெகு காலமாகவே இருந்திருக்கிறது. யாரும் அதைத் தேடவில்லை.

பனிப்போர் காலத்து விமானதளம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் கடற்கரை நகரம் போர்ட்ஸ்மவுத். நகரை ஒட்டி 1956-ல் ஒரு பெரிய விமானப்படைத் தளம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த, அதே மாநிலத்தைச் சேர்ந்த ஹார்ல் பீஸ் என்ற விமானியின் நினைவாக 1957-ல் அதற்குப் பீஸ் விமானப்படைத் தளம் என்று பெயர் வைத்தார்கள்.

சோவியத் யூனியனுடன் பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நெடுந்தொலைவு பறக்கும் குண்டுவீச்சு விமானங்களும், அவற்றுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்களும் இங்கே நிறுத்தப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் தளத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். குடிநீருக்கு ஹேவன், ஹாரிசன், ஸ்மித் என்று மூன்று கிணறுகள் இருந்தன. மூன்றில் பெரியது ஹேவன்.

விமானப் பராமரிப்பு என்பது எண்ணெயும் பிசுக்கும் நிறைந்த வேலை. இயந்திரப் பாகங்களில் ஒட்டியிருக்கும் கிரீஸை எடுக்க டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை அந்தக் காலத்தில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். சுருக்கமாக டி.சி.இ. என்பார்கள். துடைத்த வேகத்தில் காய்ந்துவிடும், தீப்பிடிக்கும் பயமும் குறைவு, விலையும் குறைவு. பயன்படுத்திய கழிவை மண்ணுக்கடியில் புதைத்த தொட்டிகளிலோ குழிகளிலோ விடுவது அன்றைக்குச் சாதாரண வழக்கம். பீஸ் தளத்தில் மட்டும் என்றில்லை, ராணுவத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் பரவலாக அப்படித்தான் நடந்தது.

முதல் கண்டுபிடிப்பு

1977-ல் தளத்தின் குடிநீரில் டி.சி.இ. இருப்பது தெரியவந்தது. ஹேவன் கிணறும் அதற்குத் தப்பவில்லை. குடிநீரில் டி.சி.இ. இவ்வளவுதான் இருக்கலாம் என்ற சட்ட வரம்பே அன்று அமெரிக்காவில் கிடையாது. அந்த வரம்பு 1980-களின் பிற்பகுதியில்தான் வந்தது. கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லும் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம்கூட 1980 டிசம்பரில்தான் நிறைவேறியது.

டி.சி.இ.க்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. அது தண்ணீரைவிட கனமானது. பெட்ரோல் சிந்தினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். டி.சி.இ. அப்படியே மூழ்கிக் கீழே போய்விடும். மணலைத் தாண்டி, களிமண்ணைத் தாண்டி, பாறை இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் நீரில் கரைந்துகொண்டே இருக்கும். சம்பில் அடிவண்டல் இருக்கும்வரை மேலே எவ்வளவு நல்ல தண்ணீர் விட்டாலும் கலங்குகிறதே, அதே சங்கதிதான்.

தளம் மூடப்பட்டது, பொறுப்பு மூடப்படவில்லை

பனிப்போர் முடியும் தறுவாயில், தேவையில்லாத தளங்களை மூட அமெரிக்க அரசு 1988-ல் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் பட்டியலில் பீஸும் இருந்தது. 1990 பிப்ரவரியில் இந்த இடம் நாட்டின் மிக மாசடைந்த இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1991 மார்ச் மாத முடிவில் தளம் மூடப்பட்டது. தளத்தின் ஒரு பகுதி மட்டும் மாநிலத்தின் விமானக் காவல் படையிடம் இருந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் நிலம் மாசடைந்திருந்தால், அதை மற்றவருக்குக் கைமாற்றும்போது அரசு ஓர் உறுதிமொழி தர வேண்டும் என்கிறது சூப்பர்ஃபண்ட் சட்டம். கைமாற்றிய பிறகு புதிதாக ஏதாவது துப்புரவு தேவை என்று தெரியவந்தால் அதையும் அமெரிக்க அரசே செய்துதரும் என்பதுதான் அந்த உறுதிமொழி. நமக்குப் புரியும்படி சொன்னால், பில்டர் சாவியைக் கொடுத்த பிறகு தெரியவரும் குறைகளுக்கு ரெரா சட்டம் 5 ஆண்டுகள் பொறுப்பு வைக்கிறதல்லவா, அது போன்றது. இந்த உறுதிமொழிக்கோ 5 ஆண்டு என்ற கணக்குக்கூட இல்லை. இந்த ஒரு வரி இருபது ஆண்டுகள் கழித்து எவ்வளவு உதவப் போகிறது என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் துப்புரவு

நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய அன்று கையிலிருந்த முக்கியமான வழி, கெட்ட நீரை மேலே இறைத்துச் சுத்திகரிப்பது. மாசு பரவியிருக்கும் இடத்தில் கிணறுகள் போட்டு நீரை வெளியே எடுப்பார்கள். டி.சி.இ. எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், ஒரு கோபுரத்தின் மேலிருந்து நீரைக் கொட்டிக் கீழிருந்து காற்றைச் செலுத்தினால் டி.சி.இ. பிரிந்துவிடும். கரி வடிகட்டியும் பயன்படும்.

மோசமான மூலத்தில் இது மட்டும் போதவில்லை. கட்டடம் 113 என்ற பராமரிப்புக் கூடத்தின் அருகே, டி.சி.இ. கழிவு விட்ட கான்கிரீட் தொட்டி ஒன்று புதைந்திருந்தது. தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் கரைப்பான் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அதை முழுதாக எடுப்பது நடைமுறையில் முடியாது என்று ஒப்புக்கொண்டு, வேறு வழிக்குப் போனார்கள். நிலத்துக்குள் எஃகுத் தகடுகளைச் சுவர் போல இறக்கி அந்த இடத்தைச் சுற்றி அடைத்து, நீர் வெளியே கசியாதபடி இறைத்துக் கட்டுப்படுத்தினார்கள்.

'துப்புரவு' என்றதும் நம் மனதில் வருவது வீடு கழுவுவது போன்ற ஒரு நாள் வேலை. நிலத்தடி நீர்த் துப்புரவு அப்படி முடிவதில்லை. பம்பை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்காணிப்புக் கிணறுகளில் மாதிரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதாமாதம் செலவு ஆவதைப் போல, அதுவும் ஒரு நிரந்தரப் பராமரிப்பு.

எப்படியோ வேலை நடந்தது. பழைய தளம் பீஸ் பன்னாட்டு வணிகப் பூங்காவாக மாறியது. அலுவலகங்கள், ஆய்வகங்கள், உணவகங்கள், கல்லூரி வகுப்புகள், வேலைக்கு வருவோரின் குழந்தைகளுக்காக இரண்டு பகல்நேரக் காப்பகங்கள் என்று இடம் உயிர்பெற்றது. சுமார் 10,000 பேர் வேலைக்கு வந்துபோகும் இடமானது. மூடப்பட்ட தளங்களை மறுவாழ்வுக்குக் கொண்டுவருவதற்கு நல்ல உதாரணமாகப் பீஸைக் காட்டினார்கள். பழைய மூன்று கிணறுகளிலிருந்தே குடிநீர் வந்தது. சோதனை அறிக்கைகள் அன்றிருந்த விதிகளுக்கு உட்பட்டே இருந்தன.

தீயணைப்பு நுரை

இப்போது கதை கொஞ்சம் பின்னே போகிறது. 1967 ஜூலையில் ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் பெரும் தீவிபத்து நடந்து 134 பேர் இறந்தார்கள். எரியும் விமான எரிபொருளைத் தண்ணீரால் அணைக்க முடியாது. எரிபொருளின் மேல் மெல்லிய படலமாகப் பரவித் தீயை மூச்சுத்திணற வைக்கும் ஒரு நுரையை அமெரிக்கக் கடற்படையும் 3எம் நிறுவனமும் 1960-களில் உருவாக்கியிருந்தன. 1970-களிலிருந்து விமானப்படைத் தளங்களிலும் அந்த நுரை வந்தது. பீஸிலும் வந்தது. தீயணைப்புப் பயிற்சிக்காக எரிபொருளைக் குழியில் ஊற்றிப் பற்றவைத்து நுரையடித்து அணைப்பார்கள். பயிற்சி முடிந்ததும் நுரை மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அந்த நுரையில் இருந்தவை பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் கார்பனும் ஃப்ளோரினும் பிணைந்திருக்கும் பிணைப்பு மிக உறுதியானது. வெயிலுக்கும் மழைக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது அசைவதில்லை. நீரில் கரைந்து நீரோடு பயணிக்கும். உடலுக்குள் போனால் இரத்தத்தில் தங்கிவிடும். அந்தக் குடும்பத்தின் முக்கிய உறுப்பினர்கள் சிலவற்றின் அளவு உடலில் பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் ஆகும். கொழுப்பு கூடுதல், தடுப்பூசிக்கு உடல் தரும் எதிர்வினை குறைதல், சிறுநீரகப் புற்றுநோய் போன்றவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

டி.சி.இ.யை விரட்டக் காற்றைச் செலுத்தும் முறை இதனிடம் எடுபடாது. இது ஆவியாகிப் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

2000-ல் 3எம் நிறுவனம், இந்தக் குடும்பத்தில் பி.எஃப்.ஓ.எஸ். என்ற பொருளின் தயாரிப்பை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. உலகம் முழுவதும் மனித இரத்தத்தில் அது காணப்படுவது அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் பீஸின் கிணறுகளில் அதைத் தேடிப் பார்க்க மேலும் 14 ஆண்டுகள் ஆயின. குடிநீர்ச் சோதனைப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாததை ஆய்வகம் தேடாது.

2014 மே

நுரை பயன்படுத்திய தளங்களில் இந்தப் பொருளைத் தேட வேண்டும் என்ற விழிப்பு வந்த பிறகு, 2014-ல் மூன்று கிணறுகளின் நீரும் சோதிக்கப்பட்டன. ஹேவன் கிணற்றில் ஒரு லிட்டருக்கு 2,500 நானோகிராம் பி.எஃப்.ஓ.எஸ். இருந்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் தற்காலிக ஆலோசனை அளவாக வைத்திருந்தது 200 நானோகிராம். பன்னிரண்டு மடங்குக்கும் மேல். மே மாதத்தில் ஹேவன் உடனடியாக மூடப்பட்டது. மற்ற இரண்டு கிணறுகளில் அளவு மிகக் குறைவு, அன்றைய ஆலோசனை அளவுக்கு உள்ளேதான் இருந்தது. அவை தொடர்ந்து ஓடின.

செய்தி வெளியானபோது மிகவும் கலங்கியவர்கள், காப்பகத்தில் குழந்தைகளை விட்டிருந்த பெற்றோர்கள். ஒரு தாய்க்குக் கணவரும் அங்கேதான் வேலை, குழந்தைகளும் அங்கேதான் காப்பகத்தில். அவர் கேட்டது எளிமையான கேள்வி: என் குழந்தைகளின் இரத்தத்தில் இது எவ்வளவு இருக்கிறது? அதைச் சோதித்துச் சொல்லுங்கள்.

அதிகாரிகள் தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. இரத்தத்தில் அளவு தெரிந்தாலும் அதை வைத்து 'உங்களுக்கு நோய் வரும்' என்றோ 'வராது' என்றோ மருத்துவர் சொல்ல முடியாது. அதை வெளியேற்ற மருந்தும் இல்லை. தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அவர்கள் தரப்பு. எங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், முதலில் அதைச் சொல்லுங்கள் என்பது பெற்றோர் தரப்பு. அவர்களில் சில தாய்மார்கள் சேர்ந்து 'டெஸ்டிங் ஃபார் பீஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். கூட்டங்களுக்குப் போனார்கள், கடிதம் எழுதினார்கள், தங்கள் பகுதிப் பிரதிநிதிகளைச் சந்தித்தார்கள்.

2015-ல் மாநிலச் சுகாதாரத் துறை இரத்தச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டு 1,578 பேர் இரத்தம் கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்தின் மூன்று பொருள்கள் நாட்டின் பொது மக்களிடம் இருப்பதைவிட அவர்களிடம் கூடுதலாக இருந்தன. தங்கள் கவலை வெறும் பயம் இல்லை என்று சொல்ல இப்போது அவர்களிடம் எண்கள் இருந்தன. அந்த வற்புறுத்தலின் தொடர்ச்சியாக, நாடாளுமன்ற நிதி ஒதுக்கீட்டுடன் மத்தியச் சுகாதார முகமை ஒன்று 2019-ல் பீஸ் மக்களிடம் விரிவான உடல்நல ஆய்வைத் தொடங்கியது.

இரண்டாவது துப்புரவு

2015 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நிலத்தடி நீரைச் சீர்செய்யும்படி விமானப்படைக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையிட்டது. தளம் மூடி 24 ஆண்டுகள் ஆகியும், 'நாங்கள் எப்போதோ போய்விட்டோம்' என்று விமானப்படை ஒதுங்க முடியவில்லை. நிலத்தைக் கைமாற்றியபோது ஏற்ற பொறுப்பு அப்படியே நின்றது. சுத்திகரிப்பு நிலையத்தின் செலவை நகரத்து மக்கள் தலையில் கட்டாமல் விமானப்படையே ஏற்றது.

2016-ல் ஹாரிசன், ஸ்மித் கிணறுகளுக்குக் கரி வடிகட்டிகள் வந்தன. பின்னர் பெரிய நிலையம் கட்டப்பட்டது. அதில் தண்ணீர் முதலில் ரெசின் மணிகள் நிரம்பிய தொட்டிகள் வழியாகவும், அடுத்து கரி நிரம்பிய தொட்டிகள் வழியாகவும் போகிறது. பழைய தீயணைப்புப் பயிற்சிக் களத்திலும் ஓடுதளப் பகுதியிலும் தனியாக நீரை இறைத்துச் சுத்தம் செய்து மறுபடியும் நிலத்துக்குள் விடும் ஏற்பாடுகள் வந்தன. ஏழு ஆண்டுகள் மூடியிருந்த ஹேவன் கிணறு, புதிய நிலையத்தின் வழியாக 2021-ல் மீண்டும் குடிநீர் தந்தது.

இந்தக் காலத்துக்குள் வரம்பும் நகர்ந்துகொண்டே வந்தது. 2009-ல் பி.எஃப்.ஓ.எஸ்.க்கு 200 நானோகிராம். 2016-ல் இன்னொரு பொருளையும் சேர்த்தே 70. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பிறகு தானாக வைத்த சட்ட வரம்பு 15. 2024-ல் மத்திய அரசு முதன்முறையாகச் சட்ட வரம்பு வைத்தபோது அது 4. அதாவது 2014-ல் 'பரவாயில்லை, குடிக்கலாம்' என்று ஓடிய நீரை இன்றைய அளவுகோலால் அளந்தால் விடை வேறாக இருக்கும். தண்ணீர் அதே தண்ணீர்தான். அறிவு வளர வளர அளவுகோல் மாறியிருக்கிறது.

நம் அறிக்கைக்கு வருவோம்

பின் வரிசை நண்பரின் கேள்விக்கு இப்போது என் பதிலைச் சொல்லலாம். 'வரம்புக்குள்' என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. நாம் பணம் கட்டித் தேடச் சொன்ன பொருள்கள், அந்த நாளில் எடுத்த மாதிரியில், அன்றைய வரம்பைத் தாண்டவில்லை என்பதுதான் அதன் பொருள். பீஸ் மக்களிடமும் அப்படி ஓர் அறிக்கை ஆண்டுக்கணக்கில் இருந்தது.

நம் நிலத்தடியில் விமானப்படை நுரை இருக்கிறது என்று யாரையும் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் சோதனை செய்து சங்கத்தின் பணத்தைக் கரைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அடுத்த சோதனைக்கு முன் செயற்குழு மூன்று காரியங்கள் செய்யலாம் என்பது என் யோசனை.

ஒன்று, இந்த மனையில் அடுக்ககம் வருவதற்கு முன் என்ன இருந்தது, சுற்றுவட்டாரத்தில் பட்டறை, சாயக்கூடம், பெட்ரோல் பங்க், குப்பைமேடு ஏதாவது இருந்ததா என்று பழைய குடியிருப்பாளர்களிடமும் பத்திரங்களிலும் கேட்டுப் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். எதைத் தேட வேண்டும் என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும்.

இரண்டு, அந்தப் பக்கத்தை ஆய்வகத்தில் காட்டி, வழக்கமான பட்டியலோடு கூடுதலாக எதைச் சோதிப்பது நல்லது என்று கேட்கலாம். டேங்கர் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதையும் லாரிக்காரரிடம் எழுதி வாங்கலாம்.

மூன்று, ஒவ்வொரு ஆண்டின் அறிக்கையையும் கோப்பில் சேர்த்து வைக்கலாம். செயற்குழு மாறும்போது கோப்பும் சேர்ந்து கைமாற வேண்டும். ஓர் ஆண்டின் எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது மெல்ல ஏறுகிறது என்பது தெரியும்.

மனையின் பழைய கதை தெரிந்த மூத்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உங்கள் நினைவில் இருப்பதைச் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். பின் வரிசை நண்பரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள எனக்கு ஆசை. கேள்வி கேட்பவர்தான் இதற்குச் சரியான ஆள்.